கேப் அண்ணாச்சி கடையும் எதிர்க்கடைக்காரர்களும்

கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடைகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு பொய்யில் ஆரம்பிப்பார்கள். தீர்க்கதரிசி ஒருவர் எதிர்காலத்தைக் கண்டார், ஸ்டீம் என்று ஒரு கடையைத் திறந்தார், மக்கள் திரண்டு வந்து வாழ்த்தினார்கள் என்று. திரண்டு வந்தது நிஜம். வந்தவர்கள் வாயில் வந்ததைத்தான் அச்சில் போட முடியாது.

கேப் நியூவெல் 13 வருஷம் மைக்ரோசாஃப்டில் குப்பை கொட்டியவர். கை நிறையக் காசோடு வெளியே வந்து, மைக் ஹாரிங்டனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1996இல் வால்வ் கம்பெனியைத் தொடங்கினார். 1998இல் வந்த அதன் முதல் விளையாட்டு ஹாஃப்-லைஃப் சக்கைப்போடு போட்டது. அதன் தலைமேல் ரசிகர்கள் கட்டிய கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் அதைவிடப் பெரிய சக்கைப்போடு. தொல்லையும் அங்கிருந்துதான் வந்தது. வால்வ் ஒரு பேட்ச் விட்டால் பாதிப் பேர் போட்டுக்கொள்வார்கள், மீதிப் பேர் பழையதிலேயே கிடப்பார்கள், ஒருவரோடொருவர் விளையாட முடியாமல் இரு தரப்பும் வால்வைத் திட்டுவார்கள். தானாகவே அப்டேட் ஆகிற மாதிரி ஏதாவது வேண்டும். வால்வ் நேராக மைக்ரோசாஃப்டிடம் போனது, யாஹூவிடம் போனது, ரியல்நெட்வொர்க்ஸிடம் போனது. இப்படி ஒன்று செய்து கொடுங்களேன் என்று கேட்டது. எல்லாரும் கையை விரித்தார்கள். அன்றைக்கு மைக்ரோசாஃப்டில் யாராவது ஒரு மேனேஜர் “அதுக்கென்ன, செஞ்சிரலாம்” என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

வேறு வழியில்லாமல் வால்வ் தானே செய்துகொண்டதுதான் ஸ்டீம். 2003 செப்டம்பர் 12 அன்று வந்தது. பாசி பிடித்த பச்சையில் ஒரு ஜன்னல். திறக்க நேரமாகும், திறந்தால் தொங்கும், நண்பர்கள் பட்டியல் என்று ஒன்று இருக்கும், அது வேலை செய்யாது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்காரர்கள் அதைக் கட்டாயத் தடுப்பூசியாகத்தான் பார்த்தார்கள்.

நிஜமான கூத்து 2004 நவம்பர் 16 அன்று. ஆறு வருஷம் காத்திருந்த ஹாஃப்-லைஃப் 2 வெளியான நாள். கடையில் வரிசையில் நின்று, பணம் கட்டி, பெட்டியைக் கொண்டுவந்து பிரித்து, சிடிகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டு, கடைசி சிடியும் முடிந்து நிமிர்ந்தால் திரையில் ஒரு உத்தரவு: ஸ்டீம் கணக்கைத் திற, இணையத்தில் சேர், அனுமதி வாங்கிக்கொள். காசு கொடுத்து வாங்கிய சரக்கு மடியில் கிடக்கிறது, அதன் பூட்டைத் திறக்கும் சாவி வாஷிங்டன் மாநிலத்தில் வால்வ் ஆபீஸில் கிடக்கிறது. அமெரிக்காவிலேயே பல வீடுகளில் டெலிபோன் வயரில் இணையம் கிர்ரென்று கத்திக்கொண்டிருந்த காலம். உலகம் பூராவும் ஒரே இரவில் சாவி கேட்டதில் வால்வின் சர்வர்கள் மூச்சுத்திணறிப் படுத்தன. அன்று இரவு ஸ்டீமுக்கு விழுந்த சாபங்களில் பத்தில் ஒன்று பலித்திருந்தாலும் அந்தக் கடை பொங்கலைப் பார்த்திருக்காது.

சாபம் பலிக்காமல் போனதற்குக் கொரிய மொழிக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். பெட்டியில் போட்டு விற்கும் உரிமை விவெண்டி கம்பெனியிடம் இருந்தது. நெட் கஃபேக்களுக்கு விற்கும் உரிமை யாருடையது என்று இருவரும் 2002இலிருந்தே கோர்ட்டில் உருண்டார்கள். விவெண்டி பெரிய இடம். வழக்குச் செலவிலேயே வால்வை மூழ்கடித்துவிடலாம் என்று பார்த்தது. கேப் திவாலாகும் விளிம்புக்கே போய்விட்டார். ஆவணம் கேட்டால் மலைமலையாகக் கொரிய மொழிக் காகிதங்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள், படித்துக்கொள் என்று. வால்வ் தரப்பில் கோடை விடுமுறைக்கு வேலை பழக வந்த ஒரு பையனுக்குக் கொரிய மொழி தெரிந்திருந்தது. அவன் உட்கார்ந்து படித்தான். ஆதாரங்களை அழித்துவிட்டோம் என்று கொரியாவில் ஒருவர் எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருந்த மின்னஞ்சல் அவன் கையில் சிக்கியது. 2005இல் விவெண்டி சமரசத்துக்கு வந்தது. ஹாஃப்-லைஃப் 2 வந்து இருபது வருஷம் கழித்து வால்வே வெளியிட்ட ஆவணப்படத்தில் இந்தக் கதை வருகிறது. சம்பளம் எவ்வளவு கொடுத்திருந்தாலும் அந்தப் பையனுக்குக் குறைச்சல்தான்.

அதே 2005இல் ஸ்டீம் வெளியாரின் சரக்கையும் விற்க ஆரம்பித்தது. முதலில் உள்ளே வந்தது ‘ராக் டால் குங்ஃபூ’ என்ற ஒரு விளையாட்டு. பெயரைப் பார்த்து யாரும் ஒரு சாம்ராஜ்யத்தின் அடிக்கல் என்று நினைக்கவில்லை. பெரிய கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விற்பனையில் நூற்றுக்கு முப்பது கல்லாவுக்கு, எழுபது செய்தவனுக்கு. அட்டைப்பெட்டி, லாரி, கடைவாடகை எல்லாம் போக மிஞ்சியதை எண்ணிப் பழகிய சின்ன ஆட்களுக்கு எழுபது என்பது லாட்டரி. இப்படியாக கேப் நியூவெல், கேப் அண்ணாச்சி ஆனார்.

இனி எதிர்க்கடைக்காரர்கள் வருகிறார்கள்.

முதலில் வந்தவர், வேறு யார், மைக்ரோசாஃப்ட். 2007இல் ‘கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்’ என்று ஒன்றைத் திறந்தது. பெயரிலேயே ஒரு மாட்டு வண்டி நீளம். இணையத்தில் பிறரோடு விளையாடும் முழு வசதிக்கு வருஷத்துக்கு 50 டாலர் சந்தா வேண்டும் என்றது. கம்ப்யூட்டரில் அது அதுவரை ஓசி. காற்றுக்கு மீட்டர் வைத்த கதையாக எல்லாரும் பார்க்க, 2008இல் சத்தமில்லாமல் மீட்டரைக் கழற்றிவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் ஹாலோ 2 விளையாட்டு எக்ஸ்பாக்ஸில் வந்து இரண்டரை வருஷம் கழித்துக் கம்ப்யூட்டருக்கு வந்தது, அதுவும் விண்டோஸ் விஸ்டா வாங்கினால்தான். விஸ்டா வாங்கியவர்கள் அதற்கே அழுதுகொண்டிருந்தார்கள்.

ஜிடிஏ 4 என்ற புகழ்பெற்ற கார் திருட்டு விளையாட்டை ஸ்டீமில் வாங்கியவர் பட்ட பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதலில் ஸ்டீமில் நுழைய வேண்டும். அங்கிருந்து விளையாட்டைச் செய்த ராக்ஸ்டாரின் சோஷியல் கிளப்பில் நுழைய வேண்டும். பிறகு மைக்ரோசாஃப்டின் லைவில். நடுவில் செக்யூரோம் என்ற காவல்காரன் வேறு பையைத் தடவிப் பார்ப்பான். ஒரு காரைத் திருடுவதற்கு இத்தனை பேரிடம் அடையாள அட்டை காட்டிய திருடன் உலக வரலாற்றில் இல்லை. இத்தனையும் தாண்டி விளையாடி முடித்த பிறகு, எந்தக் கணக்கில் சேமித்தோமோ அந்தக் கணக்கு ஒரு நாள் முரண்டு பிடித்தால் சேமித்ததெல்லாம் போச்சு. மைக்ரோசாஃப்டின் அந்தக் கடைக் கல்லா 2013 ஆகஸ்டில் மூடப்பட்டது. துக்கம் விசாரிக்க ஆள் வரவில்லை.

வார்சாவில் கதை வேறு. மார்சின் இவின்ஸ்கியும் அவர் பள்ளித்தோழர் மிஹாவ் கிசின்ஸ்கியும் சந்தையில் திருட்டு நகல் விற்றுத் தொழில் பழகியவர்கள். (பர்மா பஜார் என்று மனதுக்குள் படித்துக்கொண்டால் காட்சி சரியாக விழும்.) போலந்தில் மென்பொருளுக்குப் பதிப்புரிமைச் சட்டம் வந்ததே 1994இல்தான். அதே வருஷம் அவர்கள் சிடி ப்ராஜெக்ட் என்று கம்பெனி வைத்து நல்ல பிள்ளைகளானார்கள். திருட்டு வியாபாரம் தெரிந்தவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: பூட்டு போட்டால் பூட்டை உடைப்பான், நல்ல பெட்டியில் வரைபடமும் பாட்டு சிடியும் சேர்த்துக் கொடுத்தால் காசு கொடுத்து வாங்குவான். 2008இல் அவர்கள் திறந்த ஜிஓஜி கடையில் பழைய விளையாட்டுகள், பூட்டே இல்லாமல். வாங்கினால் உன்னுடையது, பென் டிரைவில் போட்டுப் பாட்டிக்குக் கொடுத்தாலும் கேட்க மாட்டேன் என்றார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கூட்டத்திலேயே மானமுள்ள கடை அதுதான்.

மானமுள்ளவனுக்கும் சில நேரம் கிறுக்கு பிடிக்கும். 2010 செப்டம்பரில் ஒரு நாள் கடை திடீரென்று காணாமல் போனது. இந்த வடிவில் தொடர முடியவில்லை என்று ஒரு அறிவிப்பு மட்டும் தொங்கியது. வாங்கியவர்கள் வயிற்றில் நெருப்பு. மூன்று நாள் கழித்து முதலாளிகள் வீடியோவில் தோன்றினார்கள், கிறிஸ்தவத் துறவிகளின் தலைமூடி அங்கி அணிந்துகொண்டு. பாவமன்னிப்புக் கேட்கிறார்களாம். கடை மூடவில்லையாம், புதுப்பொலிவோடு வருகிறதாம், எல்லாம் விளம்பரமாம். பால்டர்ஸ் கேட் விளையாட்டையும் கையோடு கொண்டுவந்ததால் அடி விழாமல் தப்பினார்கள். எழவு விழுந்ததாகச் சொல்லி ஊரைக் கூட்டிக் கிரகப்பிரவேசப் பத்திரிகை நீட்டிய கடைக்காரரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

விளையாட்டுக் கம்பெனியான யூபிசாஃப்ட் 2010இல் வேறொரு தினுசு. அசாசின்ஸ் கிரீட் 2ஐ விளையாடும் நேரம் முழுக்க இணையம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அறுந்தால் விளையாட்டும் நிற்கும் என்று விதி போட்டது. மார்ச்சில் யாரோ அதன் சர்வர்களைத் தாக்கிச் சாய்த்தார்கள். காசு கொடுத்தவர்கள் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பூட்டை உடைத்த நகல் பிற்பாடு வந்தபோது, அதை வைத்திருந்தவர்களுக்கு இந்த உபத்திரவமே இல்லை. நேர்மைக்கு அபராதம் விதித்த முதல் வியாபாரி என்று யூபிசாஃப்டைச் சொல்ல முடியாது. ஆனால் தரமாக விதித்தார்கள்.

2011இல் ஈஏ வந்தது. ஃபிஃபா, பேட்டில்ஃபீல்டு எல்லாம் வைத்திருக்கிற பண்ணையார். அண்ணாச்சிக்கு எதற்கு முப்பது கொடுக்க வேண்டும் என்று ஆரிஜின் என்று சொந்தக் கடை திறந்தார். அந்தப் பெயருக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆரிஜின் சிஸ்டம்ஸ் என்ற அருமையான கம்பெனியை ஈஏ 1992இல் வாங்கியது, 2004இல் இழுத்து மூடியது. செத்தவன் பெயரைத் தூசி தட்டிக் கடைப் பலகையில் மாட்டிய நெஞ்சழுத்தத்துக்கு ஒரு சலாம். ஈஏ வெளியிட்ட கிரைசிஸ் 2 ஸ்டீமிலிருந்து மறைந்தது. மாஸ் எஃபெக்ட் 3 அப்போது அங்கே வரவே இல்லை. வேண்டுமானால் எங்கள் வாசலுக்கு வா என்றார் பண்ணையார்.

வந்தார்கள். 2013 மார்ச்சில் சிம்சிட்டி வந்தது. ஒரு ஊரைக் கட்டி, ரோடு போட்டு, சாக்கடை வெட்டி, தனியாக உட்கார்ந்து மேயர் வேலை பார்க்கும் விளையாட்டு. அதற்கும் எந்நேரமும் இணையம் வேண்டும் என்று கட்டாயம். முதல் நாளே சர்வர்கள் கவிழ்ந்தன. சொந்த ஊருக்குள் நுழைய மேயர்கள் க்யூவில் நின்றார்கள். நெரிசலைக் குறைக்க விளையாட்டின் அதிவேக ஓட்டத்தையே கழற்றினார்கள். கணக்கெல்லாம் எங்கள் சர்வரில்தான் நடக்கிறது, அதனால் இணையம் இல்லாமல் முடியாது என்று விளக்கம் வந்தது. சில நாளில் ஒரு ரசிகர் இணையமில்லாமல் ஓட்டிக் காட்டினார். முடியவே முடியாத அந்தக் காரியத்தை ஒரு வருஷத்தில் ஈஏயே செய்து வெளியிட்டது. இதற்கிடையில் கன்ஸ்யூமரிஸ்ட் இணையதளம் நடத்திய வாக்கெடுப்பில் அமெரிக்காவின் படுமோசமான கம்பெனி என்ற பட்டம் 2012, 2013 இரண்டு வருஷமும் ஈஏக்கே. தோற்கடித்தது யாரை? பேங்க் ஆஃப் அமெரிக்காவை. அடமானக் கடனில் வீடு பறிபோனவர்கள் வாழ்ந்த தேசத்தில் நடந்தது இது.

ஆனாலும் ஈஏ ஒரு நல்ல காரியம் செய்தது. வாங்கிய விளையாட்டு பிடிக்காவிட்டால் முதல் முறை திறந்த 24 மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று 2013லேயே சொன்னது. அப்போது அண்ணாச்சி கடையில் “விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படமாட்டாது” போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. 2014இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் அண்ணாச்சி மேல் வழக்குப் போட்டது. 2015 ஜூனில் போர்டு இறங்கியது: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் வாபஸ். வழக்கு மட்டும் விடவில்லை. 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் வந்தது. அண்ணாச்சியின் தயாளகுணம் என்று இன்றைக்கு ரசிகர்கள் உருகுகிற பல விஷயங்களுக்குப் பின்னால் ஒரு எதிர்க்கடைக்காரனோ ஒரு ஜட்ஜோ நிற்பார். தோற்றுப்போன கடைகள் ஆளுக்கொரு நல்லதைக் கறந்து கொடுத்துவிட்டுத்தான் செத்தன. பெயர் எடுத்தது பால்காரர்.

அண்ணாச்சி ஒன்றும் தவறே செய்யாதவர் இல்லை. 2015இல் ரசிகர்கள் ஸ்கைரிம் விளையாட்டுக்கு இலவசமாகச் செய்துவந்த மாற்றங்களுக்கு விலை வைத்துப் பார்த்தார், ஊர் கொதித்து ஒரு வாரம்கூடத் தாங்காமல் பின்வாங்கினார். அதே வருஷம் ஸ்டீம் மெஷின் என்று பெட்டிகள் வந்தன, வந்த சுவடு தெரியாமல் போயின. ஆனால் அவர் ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் பக்கத்துக் கடைக்காரர் மாடியிலிருந்தே விழுந்துகொண்டிருந்தார். யாரும் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. மற்றபடி கோடையில் ஒரு தள்ளுபடி, கிறிஸ்துமஸுக்கு ஒரு தள்ளுபடி. 2015 நவம்பரில் ரூபாயில் விலை போட்டபோது நம் ஆட்களும் டாலரை வகுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கல்லாவுக்கு ஓடினார்கள். வாங்கியதில் பாதியை இன்னும் திறக்கவில்லை என்பது தனிக்கதை.

2018 டிசம்பரில் வந்தார் டிம் ஸ்வீனி. எபிக் கம்பெனிக்காரர், ஃபோர்ட்நைட் என்ற பணம் காய்ச்சி மரம் வீட்டில். இவர் கேட்டது நியாயமான கேள்வி: முப்பது எதற்கு? நான் பன்னிரண்டு எடுக்கிறேன், எண்பத்தெட்டு நீ எடுத்துக்கொள். எபிக் அறிவிப்பதற்குச் சில நாள் முன்னால் ஸ்டீமும் கொஞ்சம் இறங்கி வந்தது, எப்படி என்றால், 1 கோடி டாலருக்கு மேல் விற்றால் 25, 5 கோடிக்கு மேல் 20. அதாவது கொழுத்தவனுக்குச் சலுகை, இளைத்தவனுக்குப் பழைய முப்பதே. ஸ்வீனி கொதித்துப் போய் வால்வுக்குக் கெட்ட வார்த்தையோடு எழுதிய மின்னஞ்சல் பின்னாளில் கோர்ட் காகிதங்களில் வெளியே வந்தது. வார்த்தை தப்பு, விஷயம் சரி.

நியாயமெல்லாம் ஸ்வீனி பக்கம். கடையில்தான் ஷாப்பிங் கார்ட் இல்லை. மெய்யாகவே இல்லை. மூன்று விளையாட்டு வேண்டுமா, மூன்று தடவை தனித்தனியாகப் பணம் கட்டு. 2019 மே மாதம் மெகா தள்ளுபடி அறிவித்தார்கள். ஆசையாக வந்தவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுத்தடுத்து வாங்க, இவ்வளவு வேகமாக வாங்குகிறவன் கார்டு திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்று கடையின் கம்ப்யூட்டர் முடிவுகட்டி சிலரின் கணக்கை முடக்கியது. தள்ளுபடியில் பொருள் வாங்கிய குற்றத்துக்குத் தண்டனை. கார்ட் வந்தது 2021 டிசம்பரில். ராக்கெட் விடுகிற காரியமாக இருந்திருந்தால்கூட மூன்று வருஷத்தை மன்னிக்கலாம்.

கார்ட்டுக்குப் பதில் ஸ்வீனி காசை இறக்கினார். மெட்ரோ எக்ஸோடஸ் ஸ்டீமில் முன்பதிவு ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு. 2019 பிப்ரவரி 15இல் வெளியீடு. மூன்று வாரம்கூட இல்லாத நிலையில், இனி எபிக்கில் மட்டும் என்று அறிவிப்பு வந்தது. பெட்டிகள் ஏற்கனவே அச்சாகிவிட்டன. ஸ்டீம் முத்திரை இருந்த இடத்தில் எபிக் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மட்டும் மாற்றி ஒட்டியது மாதிரி. நகத்தால் சுரண்டினால் பழைய மாப்பிள்ளை சிரித்தார்.

அடுத்த அஸ்திரம், வாரா வாரம் ஓசி விளையாட்டு. 2020 மே மாதம் ஜிடிஏ 5ஐயே ஓசியாகக் கொடுத்தபோது கூட்டத்தில் கடையே மணிக்கணக்கில் படுத்தது. முதல் ஒன்பது மாதம் இப்படி அள்ளிக் கொடுத்ததற்கு ஆன செலவு சுமார் 1.16 கோடி டாலர் என்று ஆப்பிளோடு நடந்த வழக்கில் கணக்கு வெளிவந்தது. மக்கள் வியாழக்கிழமைதோறும் பக்தியோடு வருவார்கள், பிரசாதத்தை வாங்கிக்கொள்வார்கள், நடையைக் கட்டுவார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியது வந்தால் அண்ணாச்சி கடைக்குப் போவார்கள். இலவசமாக வாங்கிய விளையாட்டையே தள்ளுபடியில் ஸ்டீமிலும் வாங்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும். கேட்டால், “எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டுமேன்னுதான்” என்கிறார்கள். இந்த வாக்கியத்தை முறியடிக்க எண்பத்தெட்டு சதவீதத்தாலும் முடியவில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அரட்டைச் செயலியான டிஸ்கார்ட் 2018இல் கடை திறந்தது, அடுத்த வருஷமே அது இருந்த இடத்தில் புல் முளைத்தது. விளையாட்டுக் கம்பெனியான பெதெஸ்டா தன் ஃபால்அவுட் 76ஐ ஸ்டீமுக்குக் கொடுக்க மாட்டேன் என்று தனிக்குடித்தனம் போனது, 2022இல் பெட்டிப் படுக்கையோடு அண்ணாச்சி வீட்டுத் திண்ணைக்கே வந்தது. அமேசானும் பல வேஷம் கட்டிப் பார்த்தது. நாங்கள் வால்வைவிடக் குறைந்தது 250 மடங்கு பெரியவர்கள், ஆனாலும் ஜெயிக்க முடியவில்லை என்று அதன் முன்னாள் உயரதிகாரி ஒருவர் 2025இல் எழுதினார். ஈஏ 2019லேயே திரும்பி வந்துவிட்டது. ஸ்டீமை விட்டுப் போயிருந்த யூபிசாஃப்ட் 2022இல். பிளிசார்ட் 1996இலிருந்து சொந்தமாக பேட்டில்.நெட் நடத்திய வைராக்கியக்காரர். அவரும் 2023 ஆகஸ்டில் ஓவர்வாட்ச் 2ஐத் தூக்கிக்கொண்டு வந்தார். சில நாட்களில் ஸ்டீம் வரலாற்றிலேயே மிக மோசமாகத் திட்டு வாங்கிய விளையாட்டு என்ற இடத்தைப் பிடித்தார். ஊர் திரும்பிய பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கும் வழக்கம் அந்தக் கடையில் இல்லை.

ஸ்வீனி இப்போதும் கோர்ட் படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். மீதி நேரத்தில் வட கரோலைனாவில் காடு காடாக நிலம் வாங்கி, யாரும் வெட்டாமல் பாதுகாக்கிறார், நல்ல மனுஷர். அண்ணாச்சிக்குக் கடல்தான் பிடிக்கும். சொகுசுக் கப்பல்கள் ஏற்கனவே வைத்திருக்கிறார். இன்னொரு கப்பல் வாங்கப் போனவர், 2025இல் அதைக் கட்டுகிற ஓஷன்கோ என்ற நெதர்லாந்து கம்பெனியையே வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கப்பல்கள் எதிலாவது ஓர் ஆணி நம்ம காசு. அதை வாங்கிக் கொடுத்த விளையாட்டைத்தான் இன்னும் திறக்கவில்லை.